'லை' படுத்தும் பாடு

ஆங்கிலம் பயிலும் நம் மாணவரைத் திகைக்க வைக்கும் சொற்கள் பல. அவற்றுள் நீண்ட சொற்களைவிடக் குறுஞ்சொற்களே பெருந்தொல்லை தருகின்றன. மூன்றே எழுத்துகளாலான 'லை' என்னும் சொல் அத்தகையது. பொய் என்பது அதன் ஒரு பொருள்; கிடத்தல் என்பது மற்றொன்று. பொய்யனும் 'லை' செய்கிறான். பாயில் படுத்த நோயாளியும் 'லை' செய்கிறான்!

இவை பிறப்பால் ஒரே சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வினைகளாயிருந்து, ஒலி தேய்ந்து, பிற்காலத்தில் ஓருருவம் பெற்றவை. ஆயினும் இறந்தகாலம் வந்ததும் பழைய வேற்றுமை வெளிப்பட்டுவிடும். பொய் சொன்னதற்கு 'லைடு' என்றும், கிடந்ததற்கு 'லே' என்றும் வரும். இந்த 'லே' போதாதென்று, முட்டையிடும் கோழிக்கும் செங்கல் அடுக்கும் கொத்தனுக்கும் நிகழ்காலத்திலேயே 'லே' என்பர். மாணவர் என் செய்வார்!

சட்ட நூல்களில் 'அப்பீல் லைஸ்' என்றொரு தொடர் வரும். மேன்முறையீடு செய்ய வழியுண்டு என்பதே அதன் கருத்து. 'மேன்முறையீடு பொய் சொல்கிறது' என்று எழுதுவோரும் உண்டு. நிலத்தின் 'லை' எனில், மேடும் பள்ளமுமாய் நிலம் அமைந்து கிடக்கும் பாங்கு. குற்றம் ஒருவனிடம் 'லை' செய்கிறது எனில், பொறுப்பு அவனைச் சார்ந்தது.

நம் தமிழும் பொய் என்னும் சொல்லைச் சும்மா விடவில்லை. மழை வராவிடின் வானம் பொய்த்தது என்கிறோம். பொய்யுறக்கம், பொய்க்கால் குதிரை என்கிறோம். ஆங்கிலேயர் உபசாரத்துக்காகச் சொல்வதை 'வெள்ளைப் பொய்' என்பர். வள்ளுவரோ, குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். உபசாரம் வேறு, குற்றமற்ற நன்மை வேறு. வள்ளுவர் வைத்த அளவுகோல் மிகக் கடியது.

பொய்யும் கிடத்தலும் ஒரு சொல்லுள் கூடியது தற்செயலே. ஆயினும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு அக்கூட்டத்தில் ஓர் ஆழ்ந்த பொருள் உண்டு. 'தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும்' என்று சொல்லியே தமிழகத்தில் கங்காணிகள் ஆள் திரட்டினர் என்பது மலைநாட்டு முதியோரின் வாய்மொழி. அந்த ஒரு வாக்கியத்தில் 'லை'யின் இரு பொருளும் சந்தித்தன. தூரின் அடியில் கிடப்பதாகச் சொன்னார்கள், சொன்னது பொய்யாயிற்று.

வந்தவர் கண்டது 'துண்டு'. கடன்தொகை எழுதிய அச்சீட்டின்படி பணம் செலுத்தும் தோட்டமே அவர்களை ஏற்கலாம். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. இத்தனைக்கும் சப்ரகமுவ மண்ணின் அடியில் செல்வமே இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தினபுரியில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையில் நீலக்கல்லும் புட்பராகமும் கிடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஆள் திரட்டியவர் அதைச் சொல்லவில்லை. வந்தவர்க்கு அது உரியதாகவும் இல்லை.

தூரின் அடியில் மெய்யாகவே கிடப்பவர் யார்? உழைத்து மாண்ட முன்னோர். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947 இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டம் பற்றிய தம் ஆங்கிலக் கவிதையில் அவர்களைக் குறிக்க இந்த 'லை' என்னும் வினையையே ஆண்டார். பொய்யுரைக்குப் பயன்பட்ட சொல், கவிஞர் கையில் மெய்யுரைத்தது.

இனி, கேகாலை மாவட்டத்தின் வழக்கொன்றைக் கூறுவோம். 1948 இன் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டிற் பிறந்தவராயினும் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்குப் பிறந்தமை காட்டவேண்டும். பின்னர் வாக்குரிமையும் குடியுரிமை உடையோர்க்கே என்றாயிற்று. ருவன்வெல்லத் தொகுதிப் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார் கோடகன் பிள்ளை. மீளாய்வு அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். 1951 இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேன்முறையீடும் 1953 இல் தள்ளுபடியாயிற்று. சட்டம் குடியுரிமை பற்றியதேயன்றி, ஒரு சமூகத்தைக் குறித்ததன்று என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால், அதில் நம் பெயர் இல்லைதான். எழுத்தின் அடியில் கிடந்தது யாது என்பதை, நாடற்றோராய் நின்ற இலட்சக்கணக்கானோர் அறிவர். எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. எழுத்தில் ஒரு பொய்யும் இன்றியே எத்துணைப் பெரிய அநீதி நிகழலாம்!

ஆகவே மாணவர்காள், 'லை'யின் வாய்பாட்டை மனனம் செய்யுங்கள். தேர்வுக்கு அது போதும். வாழ்வுக்கு அது போதாது. நாளை ஒப்பந்தம் ஒன்றிலோ விண்ணப்பம் ஒன்றிலோ கையொப்பமிடும்போது, இச்சொல் மெய்யா பொய்யா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இதன் அடியில் கிடப்பது யாது என்றும் கேளுங்கள். நம் பாட்டன்மாருக்கு அவ்வாறு கேட்க எழுத்தறிவு வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்த்திருக்கிறது.