அசட்டு லூசியும் கெட்டிக்கார லூசில் பாலும்

எங்கள் துறை விழாவுக்கு இந்த வருஷம் ஒரு நாடகம் போட்டோம். யாருக்கு என்ன வேஷம் என்று பேச உட்கார்ந்தபோது கதாநாயகி வேஷத்துக்கு மூன்று பேர் போட்டி. கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கும் அசட்டுச் சித்தி வேஷத்துக்கு மட்டும் ஆளே இல்லை. நாடகம் எழுதின சீனியர் அக்கா என் பக்கம் திரும்பி, "நீ பண்ணுடி, நீ சும்மா நின்னாலே சிரிப்பு வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் ராத்திரி விடுதியில் படுத்த பிறகு அதுவே மண்டைக்குள் ஓடியது. அது பாராட்டா, கிண்டலா?

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, ரூம்மேட் தன் மொபைலில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். சாக்லேட் தொழிற்சாலையில் இரண்டு பெண்கள். பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளுக்குத் தாள் சுற்ற வேண்டும். முதலில் மெதுவாக வருகிறது. பிறகு வேகம் கூடுகிறது. சுற்ற முடியாததை வாயில் திணிக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள். கன்னம் இரண்டும் உப்பிப்போய், பயத்தில் கண் பிதுங்கி நிற்கிறாள் ஒருத்தி. நான் என் கோபத்தை மறந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர்தான் லூசில் பால். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொடரில் 1952-ல் வந்த காட்சி அது.

அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். (செமஸ்டருக்குப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்!)

1911 ஆகஸ்ட் 6-ல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா டைஃபாய்டில் இறந்தபோது இவருக்கு மூன்றே வயது. பதினைந்து வயதுவாக்கில் நடிப்புப் பள்ளியில் சேர நியூயார்க் நகரத்துக்குப் போனார். அங்கே கொடிகட்டிப் பறந்த மாணவி யார் தெரியுமா? பின்னாளில் பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ். நம்ம ஆளோ கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. இவருக்குச் செலவழிப்பது வீண் என்று அம்மாவுக்குச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் மாடலிங், சிகரெட் விளம்பரம், 1933-ல் ஹாலிவுட், கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேஷங்கள். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் ஒப்பந்த நடிகை. நிறையப் படங்களில் நடித்தும் முதல் வரிசைக்கு வரவே முடியவில்லை. குறைந்த செலவில் எடுக்கும் படங்களை அங்கே 'பி' படங்கள் என்பார்கள். அந்தப் படங்களின் ராணி என்றுதான் இவருக்குப் பெயர். வயதோ நாற்பதை நெருங்கியது. நம்ம ஊரில் என்றால் அக்கா வேஷம், அம்மா வேஷம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இவருக்கு வழி திறந்துவிட்டது வானொலி. 1948-ல் தொடங்கிய ஒரு வானொலி நகைச்சுவைத் தொடர் நன்றாக ஓட, சி.பி.எஸ். நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நினைத்தது. லூசில் ஒரு நிபந்தனை போட்டார். கணவன் வேஷத்தில் என் சொந்தக் கணவர் டெசி ஆர்னாஸ்தான் நடிக்க வேண்டும்! டெசி கியூபாக்காரர். ஆங்கிலம் பேசும்போதே ஸ்பானிஷ் வாடை அடிக்கும். அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒரு கணவனை மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. 1950-ல் ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சி நடத்தி, ஜனங்களைச் சிரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள்.

1951 அக்டோபர் 15-ல் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். அதோடு காற்றில் போச்சு. இந்தத் தம்பதி ஹாலிவுட்டிலேயே இருந்து, பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராக்களால் சினிமா ஃபிலிமில் எடுத்தார்கள். செலவு கூடும் என்றதும் வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். ஒளிபரப்பி முடிந்ததை மறுபடியும் விற்கலாம் என்று அன்று அதிகம் பேர் யோசிக்கவில்லை. இந்த வியாபார மூளையில் டெசிக்குப் பெரும் பங்கு உண்டு. 1957-ல் இவர்களுடைய டெசிலு நிறுவனம் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே வாங்கியது. ஒரு காலத்தில் சம்பளத்துக்கு வேஷம் கட்டிய அதே இடம்!

1952-ல் லூசில் மறுபடி கர்ப்பமானார். அதைக் கதையிலேயே சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்று நேரடியாகச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைத் தொலைக்காட்சியில் உச்சரிக்கக் கூடாதாம். அதனால் வேறு நாசூக்கான சொல். ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத ரபி என மூன்று பேர் வசனத்தைச் சரிபார்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்கு மகன் பிறந்தான். அதே நாளில் நிஜத்திலும் அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்கிறார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஆனால் இந்தப் புள்ளிவிவரங்களைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வேறு ஒன்று. லூசிலுக்கு அந்தச் சமயத்தில் தோன்றியதைச் செய்யும் பழக்கமே கிடையாது. மேடைப் பொருளைக் கையில் எடுத்து, அதன் கனம், அது எப்படி விழும், எப்படி உருளும் என்று பழகிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனிடம் கற்ற பாடம் அது. எழுத்தாளர்களில் ஒருவரான மேடலின் பியூ, ஆபத்தான சேட்டைகளை முதலில் தானே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுப்பார். அந்த அசட்டுத்தனம் முழுக்க முழுக்க உழைப்பு. தானாக வந்தது போலத் தெரிய வைத்ததுதான் திறமை.

கதை முழுக்கச் சிரிப்பாக இல்லை. 1936-ல் தாத்தாவின் ஆசைக்காகக் கம்யூனிஸ்ட் என்று வாக்காளர் பதிவில் பெயர் கொடுத்தது 1953-ல் பெரிய விவகாரமாகி, விசாரணைக் குழு முன் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட திருமணம் 1960-ல் முறிந்தது. 1962-ல் டெசியின் பங்குகளை வாங்கி லூசிலே நிறுவனத் தலைவரானார். அவர் தலைமையில்தான் 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாஸிபிள்' இரண்டும் டெசிலுவிலிருந்து வந்தன. திரையில் கணவனிடம் கைச்செலவுக்குக் காசு கேட்டுக் கெஞ்சும் லூசி, நிஜத்தில் பலருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தொடர் 1986-ல். அப்போது வயது 75. அதே மாதிரி விழுந்தார், எழுந்தார். இந்த முறை ஜனங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, 'ஐயோ பாட்டிக்கு அடிபட்டிருக்குமோ' என்ற கவலைதான் வந்தது. எட்டு வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அது அவரை ரொம்ப நோகடித்ததாம். 1989 ஏப்ரல் 26-ல் காலமானார். சிரிக்க வைப்பவருக்கு வரக்கூடிய பெரிய துக்கம், ஒரு நாள் யாரும் சிரிக்காமல் போவதுதான் போல.

இதையெல்லாம் படித்த பிறகு நான் சித்தி வேஷத்துக்குச் சம்மதித்தேன். விடுதி மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் பழகினேன். அது கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி அடங்கும் வரை நான் அசையாமல் நிற்க வேண்டும். முதல் இரண்டு நாளும் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டன் அம்மா இரண்டு தடவை மேலே வந்து திட்டினார்.

விழா அன்று தட்டு விழுந்தது. சுற்றியது. அரங்கம் முழுக்க அமைதி. எனக்கு உயிரே போய்விட்டது. தட்டு அடங்கின அந்த நொடியில் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அதற்கப்புறம் நான் பேசிய இரண்டு வசனங்கள் யாருக்குமே கேட்கவில்லை.

நாடகம் முடிந்ததும் சீனியர் அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல, நீ சும்மா நின்னாலே போதும்னு" என்றார்.

"சும்மா நிக்க நாலு நாள் ஆச்சுக்கா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.