இரண்டு ரூபாய் ஆட்சேபம்

எனக்கு இரண்டு தாய்மாமன்கள். பெரிய மாமா ஒரு கட்சி. சின்ன மாமா அதற்கு நேரெதிர்க் கட்சி. எது எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். இரண்டு பேருமே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போக வேண்டாமா?

தேர்தல் முடிவு வந்த மறுநாள், சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வசனம் கட்டாயம் ஒலிக்கும். ‘‘பூராவும் கள்ள ஓட்டுலா! செத்தவன்லாம் எந்திச்சு வந்து போட்டுட்டுப் போயிருக்கான்.’’

அடுத்த தேர்தலிலும் அதே வசனம்தான். பேசுகிற மாமா மட்டும் மாறியிருப்பார். போன தடவை அப்படிக் கொதித்தவர் இந்தத் தடவை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘‘ஜனங்க தெளிவா இருக்காங்கடே’’ என்பார். ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு. தோற்றால் கள்ள ஓட்டு.

நானும் அதை நம்பியவன்தான். நம்பியதோடு நிற்காமல், ஒருநாள் செயலிலும் இறங்கிவிட்டேன்.

2001 மே மாதம். பாளையங்கோட்டையில் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம். சட்டமன்றத் தேர்தல். பெரிய மாமா என்னைத் தன் கட்சிக்குப் பூத் ஏஜென்ட்டாக உட்கார வைத்துவிட்டார். ‘‘கணக்குப் படிச்ச பயலுக்கு டிக் அடிக்கத் தெரியாதால?’’ என்றார். வாக்காளர் பட்டியலில் சில பெயர்களைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தார். எல்லாரும் பிழைப்புக்குப் பம்பாய் போனவர்கள். ‘‘இவனுவ பேரைச் சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் விடாத. ஆளு பம்பாய்ல இருக்கான். அப்போ இங்க வந்து நிக்கது யாரு?’’

கையில் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களையும் கொடுத்தார். பலருக்கும் தெரியாத சங்கதி இது. ஓட்டுப் போட வந்தவர் உண்மையான ஆள் இல்லை என்று ஏஜென்ட் சந்தேகப்பட்டால், வாக்குச்சாவடி அதிகாரியிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அதிகாரி அங்கேயே விசாரிப்பார். சந்தேகம் சரி என்றால் வந்தவரைப் போலீஸில் ஒப்படைப்பார். வேண்டுமென்றே வீண் சந்தேகம் கிளப்பினார் என்று தெரிந்தால் இரண்டு ரூபாய் அரசாங்கத்துக்கு. 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் இந்தக் கட்டணம் ஏறவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருத்தன் வந்து பெயரைச் சொன்னான். சிவப்புச் சுழி போட்ட பெயர். எனக்கு நெஞ்சு படபடத்தது. எழுந்து நின்று, ‘‘சார், ஆட்சேபம்!’’ என்று சினிமா வக்கீல் மாதிரி சொல்லி, இரண்டு நாணயங்களையும் மேஜையில் வைத்தேன்.

அறையே அமைதியாகிவிட்டது. ஆள்மாறாட்டம் செய்தால் என்ன தண்டனை என்று அதிகாரி அவனுக்குச் சொன்னார். அப்பா பெயர், வீடு, தெரு எல்லாம் கேட்டார். அவன் ரேஷன் கார்டை நீட்டினான். வாக்காளர் அட்டை இல்லை. ஊரில் போட்டோ எடுத்தபோது அவன் பம்பாயில் இருந்திருக்கிறான். கை லேசாக நடுங்கியது. திருட்டு நடுக்கம் என்றே நான் நினைத்தேன்.

தலையாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘ஏ, நீ முறுக்குக்கடைக்காரர் மவன்லா! எப்பம்ல வந்தே?’’

பன்னிரண்டு வயதில் பம்பாய்க்குப் போன பையன். அந்த ஊர்ப் பலகாரக் கடை ஒன்றில் வேலை. முதல் தடவையாக ஓட்டுப் போட, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறான். மெஷினில் ‘பீப்’ சத்தம் கேட்டது. வெளியே போகும்போது என்னைப் பார்த்தான். திட்டவில்லை. ‘‘எங்க ஊருதாண்ணே’’ என்றான். அவ்வளவுதான். இரண்டு ரூபாய் அரசாங்கத்துக்குப் போனது.

பி.காம். படித்த எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கும் 1896-ம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று உண்டு. தணிக்கையாளர் காவல் நாயாக இருந்தால் போதும், வேட்டை நாயாக இருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நான், அன்றைக்கு பூத்தில் வேட்டை நாயாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கள்ள ஓட்டே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இல்லாவிட்டால் 1962-ல் விரலுக்கு மை எதற்கு? 1993-ல் டி.என்.சேஷன் போட்டோ அட்டை கேட்டு மல்லுக்கு நின்றது எதற்கு? ஆனால், கணக்கில் தப்பு இரண்டு வகை. எழுதக் கூடாததை எழுதிவிடுவது ஒன்று. எழுத வேண்டியதை விட்டுவிடுவது இன்னொன்று. தோற்றவன் கண்ணுக்கு முதல் வகை மட்டுமே தெரியும்.

ரெண்டாவது வகைக்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் தி.மு.க. அப்பாவு, அ.தி.மு.க. இன்பதுரையிடம் 49 ஓட்டில் தோற்றார். வழக்கில் பிரதானமாக அடிபட்டது கள்ள ஓட்டு அல்ல. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள். அவற்றில் தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா, செல்லாதா என்பதுதான் கேள்வி. 2019 அக்டோபரில் ஐகோர்ட் உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அந்த சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. முடிவு வெளிவரவில்லை. 203 பேரும் உண்மையான வாக்காளர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை!

அமெரிக்காவிலும் இதே மாமாக்கள்தான். அட்டை காட்டாமல் ஓட்டுப் போடக் கூடாது என்று ஒரு கட்சி. ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் தடுக்கத்தான் அட்டை என்று இன்னொரு கட்சி. 2020-ல் தோற்ற டிரம்ப் தரப்பு அறுபதுக்கும் மேல் வழக்குப் போட்டது. ஜெயித்தவர் மாறவில்லை.

நமக்கு அட்டை வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. சண்டை அட்டையை விட்டுவிட்டுப் பட்டியலுக்கு நகர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தபோது, எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது தி.மு.க. ஆதரித்துப் போனது அ.தி.மு.க. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் மட்டும் சுமார் 27 லட்சம். ‘பார்த்தியா, இத்தனை கள்ள ஓட்டு’ என்றது ஒரு தரப்பு. ‘பார்த்தியா, இத்தனை பேர் உரிமை போச்சு’ என்றது இன்னொரு தரப்பு. பட்டியலில் செத்தவர் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயரில் ஓட்டு விழுவது வேறு என்று யாரிடம் சொல்ல?

என் மாமாக்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திருத்தத்தைக் கொண்டாடிய பெரிய மாமாவின் பெயரே வரைவுப் பட்டியலில் இல்லை! கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். இங்கே வீடு பூட்டிக் கிடந்தது. ‘குடிபெயர்ந்தவர்’ ஆகிவிட்டார். ‘‘எழுபத்து நாலு வருஷமா இந்த ஊருல கெடக்கேன். நான் யாருன்னு ஃபாரம் எழுதிக் குடுக்கணுமாம்லா’’ என்றார் போனில். குரல் கம்மியிருந்தது. எனக்கு முறுக்குக்கடைக்காரர் மகன் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. ஃபாரம் 6 எழுதிக் கொடுத்தோம். பெயர் திரும்ப வந்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் மானூர் இருக்கிறது. அங்கே சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று. ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சபையில் எதைச் சொன்னாலும் ‘இல்லை, இல்லை’ என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஐந்து காசு அபராதம். என் இரண்டு ரூபாய்க்குப் பூர்வீகம் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. சந்தேகப்படலாம், மறுக்கலாம். அதற்குக் கொஞ்சம் விலையும் கொடுக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது அந்த விலை கிடையாது.

இனி சின்ன மாமா. அத்தை 2019-ல் தவறிவிட்டாள். மாமா பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவேயில்லை. திருத்தத்துக்கு வீடு வீடாக வந்த டீச்சரம்மா, போட்டோ அச்சடித்த இரண்டு ஃபாரம் கொடுத்தார். ஒன்று மாமாவுக்கு. ஒன்று அத்தைக்கு.

‘‘அஞ்சாறு வருஷமாச்சே, ஏன் மாமா நீக்கலை? நீங்கதான செத்தவன் ஓட்டுன்னு சத்தம் போடுவீங்க’’ என்று கேட்டேன். அவர் பீரோவைத் திறந்தார். 2021, 2024 இரண்டு தேர்தலுக்கும் அத்தை பெயருக்கு வந்த பூத் சிலிப்புகள். மடிப்புக் கலையாமல் இருந்தன.

‘‘ஒரு பய அவ ஓட்டைப் போடல. ரெண்டு தடவையும் பூத்துல கேட்டுட்டுதான் வந்தேன்’’ என்றார். ‘‘பேரு அங்கயாவது இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்.’’

அத்தையின் ஃபாரத்தில் ‘இறப்பு’ என்று அவரே எழுதினார். டீச்சரம்மா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை போய்க் கேட்டார்: ‘‘ஏம்மா, அதுல இருக்க போட்டோவ மட்டும் கிழிச்சு எடுத்துக்கிடலாமா?’’