அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். ஆற்றிலே போடுவதற்கு அளவு எதற்கு என்று சிறு வயதில் சிரித்திருக்கிறேன். சென்ற ஆண்டு நான் செய்த ஒரு தவறு அதன் பொருளை எனக்கு விளக்கிற்று.

நம் மாணவர்கள் கூடி நடத்தும் சிறிய உணவு விடுதியை நண்பர்கள் அறிவீர்கள். அதன் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றும் பணி என்னிடம் வந்தது. உறுப்பினர் 140 பேர். அனைவரும் முன்பணம் கட்டியிருப்பர். நாள்தோறும் இரவில் ஆளுக்கு 90 ரூபாய் இருப்பில் கழிந்து, மொத்தத் தொகை விடுதியின் வரவில் ஏறவேண்டும். இவ்வளவே வேலை.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க நம்மிடம் ஏது பணம்? திறமூலத் தரவுத்தளங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர் என்பதற்காக மைஎஸ்க்யூஎல்லை எடுத்தேன். அதோடு நின்றேனா? யாரோ எழுதிவைத்த பழைய நிரலிலிருந்து அட்டவணை அமைப்பை அப்படியே பெயர்த்து எழுதினேன். அதில் 'மைஐசாம்' என்றொரு சொல் இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் இரவு கணக்கு ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. காலையில் மீண்டும் முதலிலிருந்து ஓட்டினேன். மாதக் கடைசியில் 61 பேர் வந்து, "ஒரு நாள் சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணமா?" என்றனர். 5,490 ரூபாய் அவர்கள் இருப்பில் குறைந்திருந்தது. விடுதி வரவில் ஏறவில்லை. பொருளாளராக இருந்த நண்பரை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தனர். அவர் இரண்டு நாள் விடுதிக்குச் சாப்பிட வரவில்லை. பின்பு ரொக்கப் பெட்டியைத் திறந்து எண்ணினோம். பணம் முழுதும் அங்கேயே இருந்தது. கணக்குத்தான் பொய் சொல்லியிருந்தது. அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

காரணம் யாது? கழிப்பதும் ஏற்றுவதும் சேர்ந்தே நடக்கவேண்டும். இன்றேல் இரண்டும் நடவாதிருக்க வேண்டும். இதைப் பரிவர்த்தனை என்பர். மைஐசாம் அட்டவணைக்கு இந்த ஆற்றல் கிடையாது. பரிவர்த்தனை தொடங்குக என்று நான் எழுதிய கட்டளையை அது மறுக்கவுமில்லை, காக்கவுமில்லை. அந்த ஆற்றலுள்ள இன்னோடிபி 2010-இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்தே மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக அமைந்திருக்கிறது. அதை விலக்கிப் பழையதைக் கேட்டு வாங்கியது என் அறியாமையே.

இரண்டாம் முறை தேர்வு செய்தபோது பொருளாளரையும் உடன் உட்கார வைத்தேன். "எது வேகமானது?" என்று நான் தொடங்கினேன். அவரோ, "எது தவறவே கூடாது? நாம் போன பின் யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டார். அந்த இரு கேள்விகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

எஸ்க்யூலைட் 2000-இல் பிறந்தது. ஒரே கோப்பில் அடங்கும். தனிச் சேவையகம் வேண்டாம். மின்சாரம் நின்றாலும் பாதியில் விடாது. ஆயினும் ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுத இயலும். வலையமைப்பின் வழியே பல கணினிகள் ஒரே கோப்பில் எழுதுவதற்கு அது ஏற்றதன்று. நமக்கோ இரு இடத்தில் இரு கணினிகள். மைஎஸ்க்யூஎல்லை இன்னோடிபியுடன் வைத்திருந்தாலும் போதும். ஆனால் அது 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதை உருவாக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் முந்திய ஆண்டே மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கிவிட்டார். எந்தக் கிளையைப் பிடிப்பது என்ற கேள்வியைப் பின்வருவோர் தலையில் கட்ட விரும்பவில்லை.

போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாகத் தொடங்கியது. இன்று தனியொரு நிறுவனத்தின் உடைமையாக இல்லை. இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாகாது என்று அட்டவணையிலேயே விதி எழுதலாம். இவ்விதியை மைஎஸ்க்யூஎல் 2019 வரை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டது. இப்போது அதுவும் காக்கிறது. போஸ்ட்கிரெஸில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் வேலையையே பரிவர்த்தனைக்குள் செய்து, பிழையானால் திரும்பப் பெறலாம். ஆண்டுதோறும் புதிய கைகள் தொடப்போகும் கணக்குக்கு இது பெரிய காப்பு. மேலும், நம் இளையவர்கள் ஆய்வகத்தில் பயில்வதும் அதையே. ஆகவே அதைத் தேர்ந்தோம்.

ஓடும்போதே மின்கம்பியை வேண்டுமென்று பிடுங்கிப் பார்த்தோம். மறுபடி ஏற்றியபோது ஒருவர் கணக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. பொருளாளர், "இன்னொரு முறை பிடுங்குங்கள்" என்றார். பிடுங்கினோம்.

தேர்ந்த காரணங்களை ஒரு தாளில் எழுதி ரொக்கப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அடுத்து வருவோர் நம் முடிவை மாற்றலாம், அதில் தவறில்லை. மாற்றுமுன் அந்தத் தாளை ஒரு முறை படித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.