மூன்று நாள் திறந்திருந்த போத்தல்



கடந்த வாரம் குருமனைச் சமையலறையில் ஒரு சிவப்பு வைன் போத்தல் மூன்று நாள் திறந்து இருந்ததைச் சிலர் கண்டீர்கள். என்னிடம் கேட்கத் தயங்கியவர்களுக்கும், என்னைக் கேளாமலே பிறரிடம் சொன்னவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இதில் வரும் தாயும் மகனும் எழுதுவதற்குச் சம்மதம் தந்துள்ளார்கள்.

அத்தாய் குடியினால் கணவனை இழந்தவர். மகன் கிளேர் பள்ளத்தாக்கில் ஒரு வைன் நிலையத்தில் வேலை செய்கிறார். தவக்காலத்தில் ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "சுவாமி, தகப்பன் குடிச்சே செத்தவர். இவன் அதையே காய்ச்சி விக்கிறான். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார். வைன் காய்ச்சப்படுவதில்லை, பழச்சாறு தானே நொதித்து உருவாவது என்ற விளக்கம் என்னிடம் இருந்தது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் வாசலில் விளக்கோடு காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? சொல்கிறேன் என்று மட்டும் கூறினேன்.

ஒரு திங்கட்கிழமை மகனைப் பார்க்கப் போனேன். அடிலெயிட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். வழியில் செவன்ஹில் வருகிறது. 1851இல் ஆஸ்திரிய இயேசு சபையினர் பூசை இரசத்துக்காகத் தொடங்கிய இடம் அது. இன்றும் அங்கே பூசை இரசம் தயாராகிறது. திருச்சபைச் சட்டம் இது பற்றிச் சொல்வது மிகக் குறைவு: இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாக இருக்கவேண்டும், கெட்டுப்போனதாக இருக்கக்கூடாது. சுவையாக இருக்கவேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. நாற்பதாண்டு அனுபவத்தில் அதற்கு நானே சாட்சி.

நான் பேச வாய் திறக்குமுன் மகன் ஒரு போத்தலை எடுத்து வந்தார். "ஃபாதர், இது பிள்ளை பிறந்த வருசத்து அறுவடை. அவளின்ர இருபத்தோராவது பிறந்தநாளுக்கு ஆறு போத்தல் வைக்க விருப்பம். இன்னும் பத்தொன்பது வருசம். தாங்குமோ?" வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் தாங்கும் என்றுதான் சொல்வார்கள், விற்பவர்களல்லவா! முன்பு என்னோடு குருமனையில் வாழ்ந்த வயோதிப ஐரிஷ் குரு ஒருவர் வைன் சுவைக்கும் முறையை எனக்குப் பழக்கினார் என்பது அவருக்குத் தெரியும்.

அது இரு திராட்சை இனங்களின் கலவை. ஏழு பங்கு கபர்னே சோவினியோன், மூன்று பங்கு மால்பெக். கிளேரில் இந்த இணைப்பு பழைய வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. கபர்னே நாவின் முன்புறத்திலும் இறுதியிலும் உறுதியாக நிற்கும்; நடுவில், நமது உழுந்து வடையைப்போல, ஓட்டை விடும். சதைப்பற்றுள்ள மால்பெக் அந்த ஓட்டையை அடைக்கும்.

போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் நாள் ஒரு சிறு கிளாஸ் ஊற்றினேன். வெள்ளைத் தாளின்மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்புவரை ஊதா; வயது ஏற ஏற அது செங்கல் நிறத்துக்கு மாறும். மணத்தில் கறுப்புப் பழங்கள், புது ஓக் பீப்பாயின் மரவாசனை, சிறிது யூகலிப்டஸ். இந்த யூகலிப்டஸ் வாசனை கற்பனையல்ல. தோட்டத்தருகே நிற்கும் மரங்களின் எண்ணெய் பழத்தோலில் படிந்து வைனுக்குள் வந்துவிடுகிறது.

நாவில் வைத்ததும் வாய் இறுகியது. பழத்தின் தோலும் விதையும் பீப்பாயும் தரும் டானின் அது. ஆங்கிலேயர் இதை விளக்கப் பாடுபடுகிறார்கள். நாமோ அறுசுவையில் ஒன்றாகவே வைத்துத் துவர்ப்பு என்று பெயரிட்டுவிட்டோம். நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். போத்தலுக்குள் ஆண்டுக்கணக்கில் இந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று பிணைந்து, நிறத்தோடு சேர்ந்து அடியில் மண்டியாகப் படியும், வைன் மென்மையாகும். ஆகவே இளம் வைனில் துவர்ப்பு மிகுதியாக இருப்பது மட்டும் குறையல்ல. துவர்ப்பு தணியும் காலம்வரை பழமும் கூடவே நிலைக்குமா என்பதுதான் கேள்வி. புளிப்போ அதிகம் மாறாது. பழம் முதலில் வற்றிப்போனால் எஞ்சுவது புளித்த தேநீர்.

இதை அறிய ஐரிஷ் குரு காட்டிய வழி எளியது: மூடி வை, நாளை பார், மறுநாளும் பார். காற்றுக்கு ஈடுகொடுக்கும் வைன் காலத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். துல்லியமான அளவுகோல் அல்ல, ஆனால் விற்பவரின் வாக்கைவிட நம்பலாம். இரண்டாம் நாள் மரவாசனை பின்வாங்கி, பழம் முன்னே வந்தது. முதல் நாளைவிட நன்று என்று குறித்தேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. அத்தாய் வழமைபோல் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். போத்தலைக் கண்டு பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். "சுவாமி, நீங்களுமோ?"

உண்மையைச் சொன்னேன். இது மகன் தந்தது, பேத்திக்காக வைக்க நினைக்கிறார், மூன்று நாளாகச் சோதிக்கிறேன் என்றேன். அவர் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். பாதிக்குமேல் இருந்தது. "மூண்டு நாளா இவ்வளவுதானோ?" என்றார். பிறகு, தனக்குத்தானே பேசுபவர்போல், "அவருக்கு ஒரு மணித்தியாலம் காணும்" என்றார்.

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். குடிக்கவில்லை, மோந்தார். "நாவற்பழம் மாதிரி" என்றார். "அவள் இதைக் குடிக்க வேணுமோ?" என்று கேட்டார். இருபத்தொரு வயதில் அவளே தீர்மானிப்பாள் என்றேன். திருப்தியான பதிலல்ல என்று அவர் முகம் சொன்னது. மகனை வேலையை விடும்படி நான் சொல்லப்போவதில்லை என்பதையும் அப்போதே கூறினேன். சொதி ஆறமுன் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குடியை நிறுத்திப் போராடுகிறவர்களுக்கு இங்கே ஒரு சொல். சுவைத்துப் பார்த்தல் என்ற பெயரிலும் உங்களுக்கு இது வேண்டாம். மது நோயுள்ள குருக்களுக்கே, ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தடுக்கப்பட்ட திராட்சைச் சாற்றைப் பூசையில் பயன்படுத்தத் திருச்சபை இடமளித்திருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை; வந்து பேசுங்கள்.

மூன்றாம் நாள் மாலை கடைசியாகச் சுவைத்தேன். பழம் நின்றது, ஆனால் விளிம்பில் சற்று மெலிந்திருந்தது. மகனுக்கு எழுதினேன்: பத்தாண்டு நிச்சயம், பதினைந்து நன்றாக இருக்கலாம், பத்தொன்பதுக்கு நான் வாக்குத் தரமாட்டேன். ஆறையும் ஒரு நாளுக்கென்று வைக்காமல், ஐந்தாண்டுக்கு ஒன்று திறந்து பார்க்கவும். கராஜில் வைக்கவே வேண்டாம். இங்கே கோடையில் நாற்பது பாகை தாண்டும். முன்பு நான்கு நல்ல போத்தல்களைச் சுடுநீர்க் குழாய் ஓடும் அலமாரியில் வைத்து, ஆறாண்டின்பின் அவித்த பழச்சாறாகத் திறந்தவன் நான். இருளும், பதின்மூன்று பதினான்கு பாகையில் அசையாத குளிர்ச்சியும் வேண்டும். திருகு மூடி என்பதால் நிமிர்த்தியும் வைக்கலாம். 2000ஆம் ஆண்டு அறுவடையில் கிளேர்க்காரர்கள் தங்கள் ரீஸ்லிங்கைத் தக்கையிலிருந்து அதற்கு மாற்றியபோது பலர் நகைத்தார்கள்.

மகனின் வீடு தகரக் கூரை. தாயின் வீட்டில் படிக்கட்டின் கீழ் நல்ல குளிர்ச்சி, ஆனால் தன் வீட்டுக்குள் போத்தல் வராது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அது அவருடைய உரிமை. ஆகவே பெட்டி இப்போது திருப்பண்ட அறையின் அடியில், கல்லறைச் சுவர்போல் குளிரும் ஒரு மூலையில் இருக்கிறது. பேத்தி இருபத்தொன்றை எட்டும்போது எனக்கு எண்பத்தைந்து. இந்தப் பங்கில் இருக்கப்போவதில்லை. பின்னால் வரும் குருவானவருக்காகப் பெட்டியின்மேல் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, திறக்கவேண்டிய ஆண்டுகள், கீழே "பூசைக்கு அல்ல." கடந்த ஞாயிறு அத்தாய் கீழே இறங்கிப் போய் அதை வாசித்துவிட்டு வந்தார். பேத்தியின் பெயரில் ஓர் எழுத்து பிழை, திருத்துங்கோ என்றார்.