ஒன் ஆகாத லெப்டொப்பும் 34 பிள்ளைகளின் பத்திரங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் லெப்டொப் உள்ளவர்களும், தரம் 10, 11 படிக்கிற பிள்ளைகள் உள்ளவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பாடசாலையின் பழைய லெப்டொப் ஒன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் இரண்டு செக்கன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. முந்தின நாள் பின்னேரம் நல்ல இடி மழை. கொஸ்லந்தையில் ஒக்டோபர் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "இடிதான் அடிச்சிட்டு" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

லெப்டொப் போனால் போகட்டும். அதற்குள் இருந்ததுதான் எங்களைத் தூங்க விடவில்லை. சாதாரண தரம் எழுதப் போகும் 34 பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திர ஸ்கேன்கள், அடையாள அட்டை விண்ணப்ப விபரங்கள், யாருடைய பெயரில் என்ன பிழை என்று நாங்கள் மூன்று மாதமாகத் தயாரித்த பட்டியல். தோட்டத்துப் பிள்ளைகளின் பத்திரங்களில் இது தீராத பிரச்சினை. பத்திரத்தில் சிங்களத்தில் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் தமிழில் இன்னொரு மாதிரி, அம்மாவின் அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி, பேசிப் பேசிச் சேர்த்த பட்டியல் அது. அதற்கு வேறு பிரதி இல்லை. இதை எழுதவே எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். ஐந்து நிமிடம்தான் பார்த்தார்கள். "மதர்போர்ட் போயிட்டு சேர். 28,000 ஆகும். உள்ள இருக்கிறது ஒண்டும் வராது." பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார். "சேர், புள்ளைக்குக் கார்டு பரீட்சைக்கு முன்னுக்கு வந்துருமா?" என்று கேட்டார். "வரும்" என்று சொன்னோம். வேறு என்ன சொல்வது?

அன்றிரவு, கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவருக்கு வீடியோ கோல் எடுத்தோம். அவர் முதலில் சொன்னது: "சேர், மதர்போர்ட் போனாலும் பைல் போகாது. பைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல. அது தனிச் சாமான், கழட்டி வேற கம்பியூட்டர்ல போட்டுப் பார்க்கலாம். யாரையும் ஃபோர்மட் பண்ண மட்டும் விடாதீங்க." அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். சார்ஜரைக் கழற்றி, பெட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடித்தோம். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் இறங்கிவிடும், பல லெப்டொப்கள் இதிலேயே எழும்பிவிடும் என்றார். எங்களுடையது எழும்பவில்லை. அறையை இருட்டாக்கி, திரையில் சரிவாக டோர்ச் அடித்துப் பார்த்தோம். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின் லைட்தான் பழுது. ஒன்றும் தெரியவில்லை. புரொஜெக்டரில் இணைத்தோம், அதிலும் இல்லை.

"கேப்ஸ் லொக் லைட் மின்னுதா?" என்று கேட்டார். மின்னியது. சில கம்பனிகளின் லெப்டொப்களில் எத்தனை தடவை மின்னுகிறது என்பதே கோளாறின் குறியீடாம். எங்களுடையதற்கு அது ரெம் கோளாறு.

பின்மூடியைக் கழற்றினோம். உள்ளே இரண்டு ரெம் கார்ட். ஒன்றின் பொன்னிறப் பற்கள் கறுத்துப் போயிருந்தன. மூடுபனியும் ஈரமும் உள்ள அறையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த சாமான் அல்லவா? கையில் உள்ள நிலைமின்சாரம் போக ஓர் இரும்பைத் தொட்டுவிட்டு, பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் துடைத்தோம். ஒரு கார்டை மட்டும் போட்டுப் பட்டனை அழுத்தினோம். திரை வந்தது! அல்ஹம்துலில்லாஹ். செலவு ஓர் அழிறப்பர்.

ஆனால் திகதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பெட்டரி இருக்கிறது. அது செத்தால் நேரமும் திகதியும் பின்னுக்குப் போய்விடும். திகதி பிழையென்றால் இன்டர்நெட்டில் பல தளங்கள் திறக்கவும் மாட்டா. மாற்றுவது சின்ன வேலைதான்.

அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் டீச்சர் ஒருவர், "அப்ப எங்க லயம் இருந்துச்சு" என்றார். அவர் மீரியபெத்தைக்காரர். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்கள் புதைந்ததும், தப்பிய குடும்பங்கள் இங்குள்ள பாடசாலைகளில் தங்கியதும் யாருக்கும் மறக்காது. அவருடைய சொந்தத்தில் ஒரு குடும்பம் மலைச்சத்தம் கேட்டு உடுத்த உடுப்போடு ஓடியது. தகரப் பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் மண்ணுக்குள். "உயிர் தப்புனதே பெருசு. ஆனா அதுக்கப்புறம் நாம யாருன்னு காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாம அலைஞ்சாங்க" என்றார்.

அதற்குப் பிறகு லெப்டொப் திருத்திய சந்தோசத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்த பிழையைத்தானே நாங்களும் செய்திருந்தோம். அன்றிரவே இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். ஒன்று பாடசாலையில், மற்றது வேறு வீட்டில்.

உங்களுக்கும் இப்படி நடந்தால்: முதலில் சார்ஜரை வேறு லெப்டொப்பில் போட்டுப் பாருங்கள். 30 செக்கன் வழியைச் செய்யுங்கள். பெட்டரி வீங்கியிருந்தால் அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். கடைக்குக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். புதிய லெப்டொப்கள் சிலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், அதன் மீட்புக் குறியீட்டை இப்போதே எழுதி வையுங்கள். இடி நேரம் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

பத்திரத்தின் ஸ்கேன் மூலப்பிரதி ஆகாது என்பது உண்மை. ஆனால் அதில் பதிவிலக்கமும் திகதியும் இருக்கிறது. அது கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுப்பது லேசு. இல்லாவிட்டால் தேடுவதிலேயே நாட்கள் போகும்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணி முதல் நாங்கள் பாடசாலையில் இருப்போம். பத்திரங்களைக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து உங்கள் ஃபோனிலேயே போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம். ஃபோன் இல்லாத பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அந்தத் தாயின் பிள்ளையுடைய விண்ணப்பம் வியாழக்கிழமை போய்விட்டது.