எங்கள் கித்தான் ஓடம்

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் இளவலும் சிறுமுகையில் ஓர் ஓடங் கட்டத் துணிந்தோம். 1955-இல் முடிவுற்ற பவானிசாகர் அணையின் நீர் தேங்கி உயருங்காலத்து, காந்தவயல் பாலம் மூழ்க, மக்கள் பரிசலேறிக் கடந்ததை யாம் கண்டதுண்டு. மூங்கில் தப்பைகளை வட்டமாக முடைந்து, முன்னாளில் தோலும் பின்னாளில் தார் பூசிய சாக்கும் போர்த்தியதே பரிசல். பாறையிற் பட்டால் உடையாது நெகிழும். ஆயின் நேரே செல்லாது சுழலும். வடதுருவத்து இனுயிட் மக்கள் சட்டத்தின்மேற் கடல்நாய்த் தோல் போர்த்துச் செய்த நீள் ஓடமோ நேரே விரையும். இரண்டையும் ஒன்றாக்க எண்ணியது எம் பேராசை.

தப்பைகளை ஊறவைத்து வளைத்தோம். கித்தானை இழுத்துத் தைத்தோம். தார் உருக்கிப் பூசினோம். அன்னையார் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுஞ் சட்டி அதனாற் கெட்டது. (யாம் பெற்ற வசவு தனிக்கதை.) முதிய பரிசற்காரர் ஒருவர் தையலைத் தடவிப் பார்த்து, “இன்னும் ரெண்டு வெயில் காயட்டுமுங்க தம்பி” என்றார். கேட்டோமில்லை.

மறுநாளே பவானியில் இறங்கினோம். இருபது முழஞ் செல்லுமுன் தையல்வழி நீர் புகுந்தது. நீந்தத் தெரியாத தம்பியை முன்னே இருத்தியிருந்தோம். மார்பளவு நீர்தான், எனினும் அவன் எம் கழுத்தைப் பற்றிய பிடியை மறக்கக்கூடவில்லை.

ஓடம் இப்போது தாழ்வாரத்திற் கிடக்கின்றது. தார் நன்கு காய்ந்துவிட்டது. தம்பி ஏற மறுக்கின்றான்.