சராசரி வேண்டாம், கடைசி இலைக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தா முழுசா படிச்சிடுங்க. இல்லாட்டியும் படிங்க, பக்கத்து வீட்டில் கண்டிப்பா ஒரு பிள்ளை இருக்கும்.

ஆலய மண்டபத்தில் நாங்க நடத்துற திருமுறை வகுப்பு உங்க எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்க குரல் கேட்டா மனசு குளிர்ந்திடும். ஒரு தேவாரத்தை நாலு தடவை பாடிக் காட்டினா போதும், ஐந்தாவது தடவை அவங்களே பாடிடுவாங்க. ஆனா புதுப் பதிகம் அச்சடிச்ச தாளைக் கையில் கொடுத்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு படிக்கிற அஞ்சாறு பிள்ளைங்களுக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியல. பக்கத்துப் பிள்ளையோட வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடுறாங்க. மலாய் வாசிக்கச் சொன்னோம், அதுவும் தடுமாற்றம். காது கூர்மை, ஞாபகசக்தி கூர்மை, எழுத்து மட்டும் ஏறல. மந்தமான பிள்ளைக்கு இப்படிப் பாட வராது.

அதுல ஒரு பையனோட அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யறவர். பள்ளியோட பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்குப் போனார். எந்தப் பள்ளின்னு இங்கே வேண்டாம். திரையில் வரைபடம் போட்டு, பள்ளியோட மொத்த அடைவு போன வருஷத்தைவிடக் கூடியிருக்குன்னு காட்டியிருக்காங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இவர் எழுந்து, "மூனாம் ஆண்டு முடிச்சும் வாசிக்கத் தெரியாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க சார்?"னு கேட்டார். "அது பள்ளியோட உள் விவகாரம், தனியா வந்து பேசுங்க"ன்னு பதில் வந்தது. மறுபடி கேட்க அவருக்குக் கூச்சம். எங்ககிட்ட வந்து, "நான் கேட்டது தப்பாண்ணே?"ன்னார்.

தப்பே இல்லை. அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கணும்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

அன்னதானத்தில் நாங்க பரிமாறுறோம். ஐந்நூறு பேருக்குச் சமைச்சோம், ஐந்நூறு பேர் வந்தாங்க, சராசரியா ஆளுக்கு ஒரு இலை சாதம்னு கணக்கு சொன்னா யாராவது ஒத்துக்குவீங்களா? கடைசிப் பந்தியில் ஒரு பாட்டி வெறும் இலையோட உட்கார்ந்திருந்தா, அந்த அன்னதானம் முடியல. சராசரி ஏறலாம், முதல் வரிசைப் பிள்ளைங்க எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கலாம். அதே வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருக்கிற அஞ்சு பேர் நின்ன இடத்திலேயே நிற்கலாம். மொத்தக் கணக்கு அவங்களை மூடி மறைச்சிடும்.

இது நமக்குப் புதுசு இல்லை. தோட்டத்தில் பள்ளி வயசுப் பிள்ளைங்க பத்துப் பேர் இருந்தா முதலாளி பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1923-லேயே தொழிலாளர் சட்டம் சொல்லிடுச்சு. பள்ளிக்கூடமும் வந்தது. ஆனா சட்டம் கேட்டது கட்டடம் இருக்கா, பிள்ளைங்க இருக்காங்களான்னு மட்டும்தான். படிப்பு ஏறுச்சான்னு கேட்கல. நம்ம தாத்தா பாட்டி காலத்துல எத்தனையோ பேர் தோட்டப் பள்ளிக்குப் போயும் கைநாட்டு வைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

2010-ல் கல்வி அமைச்சு 'லினஸ்' திட்டத்தைக் கொண்டு வந்தது. முதலாம் ஆண்டிலேயே பிள்ளைகளைச் சோதிச்சு, பின்தங்கியவங்களைத் தனியா எடுத்துச் சொல்லிக் கொடுத்து, மூன்றாம் ஆண்டு முடியறதுக்குள்ள எல்லாரையும் எழுத, வாசிக்க, கணக்குப் போட வைக்கிறது நோக்கம். சிறப்புக் கல்வி தேவைப்படுற பிள்ளைங்க மட்டும் அந்தக் கணக்கில் சேரல. 2013-ல் ஆங்கிலமும் சேர்ந்தது. ஆசிரியர்களுக்கு எழுத்து வேலை கூடிடுச்சுன்னு குறை இருந்தது, 2019-ல் திட்டம் நின்னது. 2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் எடுக்கப்பட்டது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை தேர்வு பயத்தில் நடுங்க வேண்டாம்னா நமக்கும் சந்தோஷம்தான். ஆனா வெளியே இருந்து பார்க்கிற கண்ணும் அதோட சேர்ந்து போயிடுச்சு. இப்போ பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீடுதான். தர அடைவு 1 முதல் 6 வரை, அதில் 3 தான் குறைந்தபட்ச அடைவு. 1, 2-லேயே ஒரு பிள்ளை வருஷக்கணக்கா நின்னாலும், யாரும் கேட்காட்டி அது அறிக்கைத் தாளோட போயிடும்.

நிலைமை சின்னது இல்லை. ஐந்தாம் ஆண்டு முடிக்கிற வயசில் மலேசியப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினருக்கு வாசிப்புத் திறன் போதவில்லைன்னு 2024-ல் உலக வங்கி அறிக்கை சொன்னது. எல்லா இனமும் சேர்ந்த கணக்கு இது. அதுக்குள்ள தோட்டத்துப் பிள்ளை எத்தனை, பாட்டி வளர்க்கிற பிள்ளை எத்தனை, தமிழ், மலாய், ஆங்கிலம்னு மூணு மொழியை ஒரே நேரத்தில் சுமக்கிற பிள்ளை எத்தனைன்னு அந்த ஒரு எண் சொல்லாது. 2020-ல் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைச்ச பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க. மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எழுத்துக் கூட்டுற வயசில் வீட்டில் அடைபட்டாங்க. ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார்.

அமெரிக்காவில் இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க. 2002-ல் கையெழுத்தானது. பள்ளியோட மொத்த மதிப்பெண் மட்டும் போதாது, ஏழைப் பிள்ளைங்க, ஊனமுற்ற பிள்ளைங்க, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்கன்னு குழு குழுவா பிரிச்சுக் காட்டணும். ஒரு குழு பின்தங்கினாலும் பள்ளி பதில் சொல்லணும். கெட்டிக்காரத்தனமா மெதுவான பிள்ளைங்களைத் தேர்வன்னிக்கு லீவு போடச் சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் எழுதியே ஆகணும்னும் வைச்சாங்க. மறைஞ்சிருந்த பிள்ளைங்க வெளியே தெரிஞ்சாங்க. அது நல்ல பக்கம்.

கெட்ட பக்கமும் உண்டு. 2014-க்குள்ள நூத்துக்கு நூறு வரணும், இல்லாட்டி தண்டனைன்னு நெருக்கினதில், அட்லாண்டா நகரத்துப் பள்ளிகளில் ஆசிரியர்களே பிள்ளைகளோட விடைத்தாளைத் திருத்தினது 2011 விசாரணையில் வெளியானது. 2015-ல் அந்தச் சட்டத்தை மாத்தி வேற சட்டம் கொண்டு வந்தாங்க. புதுசிலும் குழு குழுவா கணக்குக் காட்டுறதை மட்டும் எடுக்கல.

இதுல நமக்குப் பாடம் இருக்கு. கேள்வி கேட்கணும், ஆனா பயமுறுத்தக் கூடாது. பயந்தவங்க பிள்ளையைத் திருத்த மாட்டாங்க, கணக்கைத்தான் திருத்துவாங்க. நம்ம சின்னப் பள்ளிகளில் ஒரே டீச்சர் ரெண்டு மூணு பாடம் எடுத்து, போட்டி விளையாட்டுக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய், கோப்பும் எழுதுறாங்க. அவங்க கஷ்டம் நமக்குத் தெரியும். அதனால கேள்வி தனி டீச்சரைப் பார்த்து இல்லை. பள்ளி நிர்வாகம், மாவட்டக் கல்வி இலாகா, அமைச்சு, இவங்களைப் பார்த்து.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மரியாதையா இதைக் கேளுங்க:

1. ஒவ்வொரு ஆண்டிலும் தர அடைவு 1, 2-ல் எத்தனை பிள்ளைங்க? (எண்ணிக்கை மட்டும். பேர் வேண்டாம், எந்தப் பிள்ளையும் சபையில் தலைகுனியக் கூடாது.)

2. போன வருஷம் அங்கே இருந்தவங்களில் எத்தனை பேர் மேலே ஏறினாங்க?

3. குறைநீக்கல் வகுப்பு இருக்கா? வாரத்துக்கு எத்தனை பாடவேளை? அதுக்குன்னு ஆசிரியர் இல்லாட்டி, கேட்டு இலாகாவுக்குக் கடிதம் போயிருக்கா?

4. எழுத்து ஏறாத பிள்ளைக்கு டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் சிக்கல் இருக்கான்னு பரிசோதனைக்கு அனுப்புனீங்களா?

5. பெற்றோர் நாங்க என்ன செய்யணும்?

ஐந்தாவது கேள்வியை விட்டுடாதீங்க. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாம வைச்சுக்கிட்டு பள்ளியைக் கேள்வி கேட்டா எடுபடாது. அறிக்கை அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாம, அந்த எண்ணுக்கு அர்த்தம் என்னன்னு டீச்சரைக் கேளுங்க. தனியா கேட்கக் கூச்சமா இருந்தா நாலு பெற்றோரா சேர்ந்து போங்க. கடிதம் எழுதணும்னா ஆலயத்துக்கு வாங்க, நாங்க உட்கார்ந்து எழுதித் தர்றோம்.

நம்ம பக்கம் இருந்தும் செய்யறோம். திருமுறை வகுப்புக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வாசிப்பு வகுப்பு தொடங்கியாச்சு. தமிழ் கொஞ்சம், மலாய் கொஞ்சம், காசு கிடையாது. மூனு மாசத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளை அதே மாதிரி பக்கத்தை வாசிக்கச் சொல்லி, எங்கே இருந்தாங்க, எங்கே வந்தாங்கன்னு எழுதி வைக்கிறோம். பள்ளிகிட்ட கேட்கிற கணக்கை நாங்களும் காட்டணும் இல்லையா? இந்த வருஷம் நவராத்திரி கல்விப் பரிசில், நிறைய ஏ எடுத்தவங்களோட, எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சு இப்போ ஒரு பக்கம் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் மாலை உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எஸ்.பி.எம். முடிச்சிட்டு வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிங்க, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. ஆயிரம் ரிங்கிட் உபயத்தைவிட அது பெரிய உபயம்.

அந்த அப்பாகிட்டயும் சொல்லிட்டோம்: அடுத்த கூட்டத்துக்கு நாங்களும் கூட வர்றோம். நீங்க கேட்ட அதே கேள்வியை, அதே மரியாதையோட, மறுபடியும் கேளுங்க.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சரஸ்வதி தாயின் அருள் கிடைக்கட்டும். பெற்றோர்கள் இருக்கிற குழுக்களில் இதைப் பகிருங்க.